என்ரை கிணத்திலை எனக்கொரு பங்கு

பவுனம்மாவைத் தேடியோ வந்தனீர்? அவ வீட்டிலை இல்லைப் பிள்ளை. பிரதேச சபையிலை கூட்டம். கதவு பூட்டிக் கிடக்கிறதைக் கண்டிட்டுத்தானே இஞ்சாலை வந்தனீர்? எல்லாரும் அப்பிடித்தான். மெம்பரைத் தேடி வாற ஆக்களுக்குத் தேத்தண்ணி ஊத்துறது இப்ப என்ரை உத்தியோகமாப் போச்சு. வாரும், உள்ளுக்கு வாரும். செருப்பு அதிலை கிடக்கட்டும். ஃபானைப் போடுறன்.

கம்பசிலையிருந்தோ? என்னத்தைப் பற்றி எழுதுறீர்? சண்டை முடிஞ்சு சனம் திரும்பி வந்து காணி எடுத்த கதையோ. அப்பிடியெண்டால் நீர் சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறீர். பவுனம்மா சொன்னால் பாதியைத்தான் சொல்லுவா. நான் முழுக்கச் சொல்லுவன். என்ரை பேரை முதலிலை எழுதும். மங்கையற்கரசி சோமசேகரம். மாஸ்ரற்றை மனுசி எண்டால் பாலையடியிலை ஆரும் சொல்லுவினம். அந்தா, பின்னாலை மாட்டுக்கு வைக்கல் இழுத்துப் போடுறாரே, அவர்தான் மாஸ்ரர். அவரிட்டைக் கேட்டு ஒண்டும் எழுதாதையும். அவர் சிரிப்பார், வேறை ஒண்டும் சொல்லமாட்டார்.

எனக்குப் பவுனம்மாவிலை கோபமெண்டு நினைச்சிடாதையும். கோபமில்லை. ஒரு மனவருத்தம், அவ்வளவுதான். என்ரை கிணத்திலை எனக்குப் பங்கு தந்தவ அவ. என்னடா இது எண்டு பாக்கிறீர் என்ன? விளங்காது. முதலிலை இருந்து சொன்னால்தான் விளங்கும்.

இந்த வாய்க்காலுக்கும் றோட்டுக்கும் இடையிலை தெரியுற வயல் முழுக்க என்ரை சீதனம். எங்கடை ஐயா வடமராட்சியிலையிருந்து வந்து காடு வெட்டி எடுத்தது. ஐயா கோடாலி பிடிச்சவரெண்டு நான் சொல்லேல்லை. குடை பிடிச்சுக்கொண்டு நிண்டு வெட்டுவிச்சவர். இந்த வன்னி வெயிலுக்கை நிக்கிறதும் ஒரு வேலைதானே பிள்ளை.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டங்களிலையிருந்து சனம் லொறி லொறியா இஞ்சாலை வந்தது. தோட்டத்திலை இருந்த லயன் வீடுகளை எரிச்சுப்போட்டாங்கள். போக இடமில்லை. முக்கால்வாசிப் பேருக்கு வாக்குமில்லை, நாட்டு உரிமையுமில்லை. தலைமுறை தலைமுறையா அந்த மலையிலை கொழுந்து பறிச்ச சனத்தை, நீங்கள் இந்த நாட்டு ஆக்களே இல்லை எண்டு சட்டம் சொன்ன காலம். ஐயாவுக்கு இரக்கம் வந்திட்டுது. ஸ்ரேசனடிக்குப் போய் அதுகளிலை கொஞ்சக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து வாய்க்கால் கரையிலை குடிசை போடவிட்டார். நல்ல கைகால் உள்ள குடும்பமாப் பாத்துக் கூட்டிவந்தனான் எண்டு அவர் அம்மாவுக்குச் சொன்னது இப்பவும் காதுக்குள்ளை இருக்கு. அப்பிடி இரக்கமான மனுசன்.

அதிலை ஒரு குடும்பம்தான் பவுனம்மாவின்ரை. அவள் அப்ப சின்னப்பெட்டை. அவள் எண்டு எழுதாதையும், அவ எண்டு எழுதும். இப்ப மெம்பர் எல்லோ. அந்த நாளையிலை அவள்தான், அதாலை வாய் தவறி வருது. அதுகள் வந்த பிறகுதான் வாய்க்கால் பக்கத்துக் காடும் வயலாச்சு. இந்தக் கிணறும் அதுக்குப் பிறகு வெட்டினதுதான். ஐயா வெட்டின கிணறு எண்டு ஊர் முழுக்கச் சொல்லும். உள்ளுக்கு இறங்கினது பவுனம்மாவின்ரை தேப்பன். கல்லொண்டு உருண்டு காலிலை விழுந்து, பாவம், செத்துப் போகுமட்டும் ஒரு பக்கம் சாய்ஞ்சு சாய்ஞ்சுதான் நடந்தது அந்த மனுசன்.

அந்தக் கிணத்திலை அதுகள் வாளி போடுறதில்லை. அது அந்தக் காலத்து வழக்கம், நான் கொண்டுவந்ததில்லை. குடத்தைக் கொண்டுவந்து தள்ளி வைச்சிட்டு நிக்குங்கள். எங்கடை வீட்டிலை ஆராவது போய் அள்ளி ஊத்துவம். நானே என்ரை கையாலை எத்தினை குடம் ஊத்தியிருக்கிறன். நீர் படிச்ச பிள்ளை, சொல்லும் பாப்பம். வேலைக்கு வந்த சனத்துக்கு வீட்டுக்காரி தண்ணி அள்ளி ஊத்தின ஊர் வேறை எங்கையாவது இருக்குதோ? இதையெல்லாம் ஆரும் எழுதமாட்டினம்.

தேத்தண்ணி ஆறப்போகுது, குடியும்.

பிறகு சண்டை. அதை உமக்கு நான் சொல்லத் தேவையில்லை, எத்தினையோ பேர் சொல்லியிருப்பினம். ஒரு மாரிக்குள்ளை எல்லாரும் எழும்பி ஓடினம். ஒவ்வொரு இடமா ஓடி ஓடிக் கடைசியிலை கடற்கரை மணலிலை போய்க் குந்தினம். அதிலை பவுனம்மாவின்ரை மனுசன் தங்கராசு செல் விழுந்து செத்துப் போனார். அவரை அந்த மணலிலையே வைச்சிட்டு, தன்ரை பெட்டையையும் இழுத்துக்கொண்டு அவ வந்தா. எங்கடை மாஸ்ரருக்குக் காலிலை காயம். அவரை ஒரு பக்கம் நானும் மற்றப் பக்கம் பவுனம்மாவும் பிடிச்சுக்கொண்டுதான் தண்ணிக்குள்ளாலை நடந்தம். அவ பிடிக்காட்டி மாஸ்ரர் இண்டைக்கு வைக்கல் இழுக்கமாட்டார். சரி, அதை விடும்.

ஆமி கொண்டுபோய் அடைச்ச முகாமைச் சுத்திக் கம்பிவேலி. வெளியிலை போகேலாது. எங்களுக்கும் அவைக்கும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம். பவுசர் லொறியிலை வாற தண்ணிக்கு விடியவே லைன். எனக்கு முழங்கால் வருத்தம். பவுனம்மா தன்ரை தண்ணிக் கானையும் என்ரை கானையும் கொண்டுபோய் நிப்பா. முதல் நாள் தண்ணியைக் கொண்டுவந்து வைச்சிட்டு, அக்கா, இந்தாங்க தண்ணி எண்டா.

அக்கா.

அதுக்கு முதல் நாச்சியார் எண்டுதான் கூப்பிடுறது. என்ரை அம்மாவையும் அப்பிடித்தான், என்னையும் அப்பிடித்தான். நான் காது கேக்காத மாதிரி இருந்தன். தண்ணியை வாங்கினன்தான், தாகமெல்லோ. வெளியிலை போன பிறகு வடிவாத் திருத்திச் சொல்லலாம் எண்டு விட்டிட்டன். அவ சமைச்சுத் தந்தா, சாப்பிட்டன். அதைப் பற்றி ஊரிலை ஒருத்தி பிறகு கதை கட்டினவள். முகாமிலை ஆருக்கு வீடு இருந்தது? வீடு இருந்தால்தானே ஆரின்ரை வீட்டிலை சாப்பிடலாம், ஆரின்ரை வீட்டிலை சாப்பிடக்கூடாது எண்ட கதை வரும்.

பிறகு எங்களை வெளியிலை விட்டாங்கள். தகரமும் மண்வெட்டியும் கொஞ்சச் சாமானும் தந்து பஸ்ஸிலை கொண்டுவந்து இறக்கினாங்கள். இந்த வீட்டுக்குக் கூரையில்லை. நடுவிலை முருங்கை முளைச்சு நிக்குது. கிணத்துக்குள்ளை தகரமும் ஓலையும் இன்னும் என்னென்னவோ. பவுனம்மாவும் அந்தப் பக்கத்து ஆக்களும்தான் இறங்கித் துப்பரவாக்கி இறைச்சவை. இறைச்சு முடிஞ்ச அண்டைக்கு நான் வழக்கம் போலை அவைக்கு ஊத்துவம் எண்டு வாளியும் குடமுமாப் போறன். பவுனம்மா தன்ரை குடத்தை நிரப்பிப்போட்டு, என்ரை குடத்தையும் வாங்கி நிரப்பித் தந்தா. எனக்கு ஊத்தினா, பிள்ளை. நான் வாளியோடை நிக்கிறன், எனக்குச் செய்ய ஒரு வேலையுமில்லை. மாஸ்ரர் அந்தப் பக்கம் திரும்பி நிண்டுகொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறார்.

அதுவும் போகட்டும் எண்டு விட்டன். பிறகு வந்துது வீட்டுத்திட்டம். கல்வீடு கட்டித் தருவினம், ஆனா சொந்தக் காணி இருக்கவேணும். கிராம அலுவல் பாக்கிற விதானையார் வந்து எங்கடை பேரைப் பதிஞ்சார். வாய்க்கால் கரையிலை இருந்த ஒரு குடும்பத்தையும் பதியேல்லை. உங்களுக்குக் காணியில்லை, நீங்கள் மாஸ்ரற்றை காணியிலையெல்லோ இருக்கிறியள் எண்டிட்டார். சண்டையிலை எல்லாரும்தான் எல்லாத்தையும் இழந்தது. ஆனா இழக்க ஒரு காணி இருந்தவனுக்குத்தான் வீடு. அது எனக்கும் பிழையாத்தான் பட்டுது, இல்லையெண்டு சொல்லேல்லை.

பவுனம்மா வந்து கேட்டா. குடிசை நிக்கிற துண்டுகளை மட்டும் அவரவருக்கு எழுதித் தரச்சொல்லி. நான் நல்ல முறையாத்தான் சொன்னனான். இருங்கோ, எவ்வளவு காலமும் இருங்கோ, ஆர் உங்களை எழும்பச் சொன்னது, எழுதித் தந்துதான் இருக்கவேணுமோ எண்டு கேட்டன். அதுக்கு அவ கேட்டா,

"அக்கா, நீங்க செத்தப்புறம் கனடாத் தம்பி எழும்பச் சொன்னா நாங்க எங்க போறது?"

கனடாவிலை இருக்கிற என்ரை மகனைத்தான் சொல்லுறா. முகத்துக்கு நேரை நான் சாகிறதைப் பற்றிக் கேட்டா. அண்டைக்கு எனக்குப் பிறசர் ஏறினது உண்மை. மாஸ்ரர் அண்டைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு, எழுதிக் குடுத்தால் என்ன எண்டார். காணி என்ரை சீதனம், உங்கடை சீதனமில்லை எண்டன். அவர் புட்டைச் சாப்பிட்டிட்டு எழும்பிப் போட்டார்.

பவுனம்மா விடேல்லை. சைக்கிளிலை காணிக் கந்தோருக்கு ஓடினா. இண்டைக்கு வா, நாளைக்கு வா எண்டு அலைக்கழிச்சாங்கள். ஒருத்தன் இருக்கச் சொன்னான், ஒருத்தன் எழும்பச் சொன்னான், இன்னொருத்தன் நீங்கள் இந்தியாவுக்குப் போகவேண்டிய ஆக்களெல்லோ எண்டு கேட்டவனாம். அதைக் கேக்க எனக்கே கொதி வந்துது. எங்கடை ஐயா கொண்டுவந்து இருத்தின சனத்தைப் பற்றிக் கதைக்க அவன் ஆர்?

கடைசியிலை அவவின்ரை கரைச்சல் தாங்கேலாமல் காணி அளக்கிற சேவையரை அனுப்பினாங்கள். அவன் முக்காலியை நட்டுச் சங்கிலியை இழுத்துப் பாத்தான். பத்தைக்குள்ளை தோண்டிப் பழைய எல்லைக்கல்லைக் கண்டுபிடிச்சான். எங்கையெண்டு நினைக்கிறீர்? அந்தா, அந்தத் தென்னைக்கு இஞ்சாலை. கல்லுக்கு அங்காலை வாய்க்கால் வரைக்கும் முழுக்க அரசாங்கக் காணியாம். குடிசையள், என்ரை மாட்டுக்கொட்டில், கிணறு, எல்லாம் கல்லுக்கு அங்காலை.

ஐயா வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிட்டார். அந்தக் காலத்திலை கல்லை ஆர் பாத்தது? வேலி எங்கை நிக்குதோ அதுதான் எல்லை. அரசாங்கக் காணியைப் பிடிச்சவரெண்டு எழுதிப்போடாதையும். சும்மா காடாக் கிடந்ததைப் பராமரிச்சவர்.

கனடாவிலையிருந்து என்ரை மகன் வாகீசன் போன் எடுத்தான். அம்மா, விடாதேங்கோ எண்டான். கொழும்பிலை ஒரு லோயரைப் பிடிச்சான். லோயர் சொன்ன கதை இதுதான். அந்தச் சனம் சண்டைக்குப் பிறகு வந்து குந்தின சனம் எண்டு சொல்லவேணும். அப்பிடிச் சொன்னால் அரசாங்கக் காணியிலை இருக்கக் குடுக்கிற பெர்மிட் அதுகளுக்குக் கிடையாது. முந்தியே இருந்ததெண்டு காட்ட அதுகளிட்டை ஒரு துண்டுக் கடுதாசியுமில்லை, எல்லாம் ஓட்டத்திலை போச்சு. எதிர்ப்பு மனு லோயர் போடுவார். விசாரணையிலை என்னைக் கேப்பினம், நான் ஓம் எண்டு மட்டும் சொன்னால் காணும். ஒரு சொல்லு. பிறகு அந்தத் துண்டை எங்கடை பேருக்கே குத்தகைக்கு எடுக்கலாமாம்.

விசாரணை பள்ளிக்கூட மண்டபத்திலை நடந்தது. நான் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு போனனான். முன்வாங்கிலை என்னை இருத்தினாங்கள். பவுனம்மாவும் மற்றவையும் பின்னுக்கு, சுவரோடை நிண்டினம். காணி உத்தியோகத்தர் ஒரு இளம் பெடியன், வெளியூர். பவுனம்மாவை நிண்ட இடத்திலையே வைச்சு, எப்ப வந்தனீங்கள் எண்டு கேட்டான். எழுபத்தெட்டுத் தையிலை எண்டா. என்ன ஆதாரம் எண்டான். எல்லாம் கடற்கரையிலை போச்சுங்க ஐயா எண்டா. ஆதாரமில்லாமல் ஆரும் எதையும் சொல்லலாம்தானே எண்டு அவன் பேனையை மேசையிலை வைச்சான். பிறகு என்னைப் பாத்து மரியாதையாத்தான் கேட்டான்.

"அம்மா, இவங்கள் சண்டைக்குப் பிறகு வந்த ஆக்கள் எண்டு உங்கடை பக்கம் சொல்லுது. சரிதானே?"

பிள்ளை, நான் ஓம் சொல்லத்தான் எழும்பினனான். அதை உமக்கு மறைக்கேல்லை. சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பிட்டன். பவுனம்மா என்னைப் பாக்கேல்லை. பாத்திருந்தால் சொல்லியிருப்பன். அவ நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. மாஸ்ரர் பக்கத்திலை இருக்கிறார், காயப்பட்ட காலை நீட்டிக்கொண்டு. எனக்கு அப்பத்தான் விளங்கிச்சுது, நான் ஓம் எண்டால் எங்கடை ஐயா ஸ்ரேசனடிக்குப் போனது பொய். அவர் குடை பிடிச்சு நிண்டது பொய். நான் ஊத்தின தண்ணியெல்லாம் பொய். இவ்வளவு பேரை வைச்சு ஆதரிச்ச குடும்பம் எண்டு எங்களுக்கு ஊரிலை இருந்த பேர், அந்த ஒரு சொல்லோடை போச்சு. அதுதான் காரணம். வேறை ஒண்டுமில்லை.

"ஆர் தம்பி சண்டைக்குப் பிறகு வந்தது?" எண்டு கேட்டன். "எங்கடை ஐயா கூட்டிக்கொண்டு வந்து இருத்தின சனம். அந்தா சுவரோடை நிக்கிற பவுனம்மாவின்ரை பெட்டை என்ரை மாட்டுக்கொட்டிலுக்குள்ளை பிறந்தவள். சரியான மழை, குடிசைக்குள்ளை வெள்ளம். கொடி அறுக்கக் கத்தியைச் சுடுதண்ணியிலை போட்டுக் குடுத்தது நான். நீர் அப்ப பிறந்துமிருக்கமாட்டீர்."

அவன் பேனையைத் திரும்ப எடுத்தான். வேறை என்ன தெரியும் எண்டு கேட்டான். கேட்டால் சொல்லத்தானே வேணும். நிப்பாட்டத் தெரியேல்லை எனக்கு. ஆர் எந்தக் குடிசை, ஆருக்கு எப்ப கலியாணம் நடந்தது, எந்தக் காட்டை எந்த வருசம் வெட்டினவை, எல்லாம் சொன்னன். ஊரிலை வேறை ஆருக்குத் தெரியும் இதெல்லாம்? கிணறு ஆர் வெட்டினது எண்டான். ஐயா எண்டன். பிறகு, உள்ளுக்கு இறங்கினது இவவின்ரை தேப்பன், காலிலை கல் விழுந்தது எண்டும் சொன்னன். நடந்ததுதானே. அவன் எல்லாத்தையும் எழுதிக்கொண்டு போறான். பக்கத்திலை மாஸ்ரர் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறார், போடுறார், திரும்பத் துடைக்கிறார்.

எல்லாம் முடிய அவன் சொன்னான், அப்ப இவை நீண்ட காலக் குடியிருப்பாளர், பெர்மிட் குடுக்கலாம், கிணறு பவுனம்மாவின்ரை துண்டுக்குள்ளை வருது, அதுவும் அவவுக்கே போகும் எண்டு. ஐயாவின்ரை கிணறு. அப்ப பவுனம்மா முன்னுக்கு வந்தா. முதல் தரம் அண்டைக்குத்தான் அவ அந்த மேசைக்குக் கிட்டப் போனது.

"கெணறு ரெண்டு வீட்டுக்கும் பொதுன்னு எழுதிக்கங்க ஐயா. அக்காவும் அள்ளணும்."

கேட்டீரோ? அக்காவும் அள்ளணும். மண்டபம் நிறைய ஊர்ச்சனம். அத்தினை பேருக்கு முன்னாலை அக்கா எண்டு கூப்பிட்டு, என்ரை கிணத்திலை எனக்கு ஒரு பங்கு போட்டுத் தந்தா. நான் நன்றியும் சொல்லேல்லை, வேண்டாமெண்டும் சொல்லேல்லை. வேண்டாமெண்டால் தண்ணிக்கு எங்கை போறது? இதுதான் பிள்ளை என்ரை மனவருத்தம். வடிவா எழுதும்.

வாற வழியிலை மாஸ்ரர் ஓட்டோவை நிப்பாட்டி ஐஸ்கிறீம் வாங்கினார். எனக்கொண்டு, தனக்கொண்டு. சலரோகக்காரன், இனிப்பு ஆகாது. வாயிலை வந்ததெல்லாம் பேசினன். ஐஸ்கிறீமைச் சாப்பிட்டுக்கொண்டுதான் பேசினன், உருகப் பாத்துது. வாகீசன் கன நாள் போன் எடுக்கேல்லை. பிறகு எடுத்தான். எவ்வளவு நாளைக்குத்தான் தாயோடை கோபிக்கிறது.

பெர்மிட் வந்துது, வீட்டுத்திட்டமும் வந்துது. வாய்க்கால் கரை முழுக்கக் கல்வீடு. பவுனம்மாவின்ரை புதுவீட்டுக் குடிபூரலுக்கு மாஸ்ரர் விடியவே போட்டார். நான் போகேல்லை. ஏன் போகவேணும்? இந்த ஜன்னலடியிலை சும்மா நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். அங்கை எல்லாரும் முத்தத்திலை நிக்கினம், அடுப்பிலை பானை இருக்கு, நெருப்பு மூட்டேல்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கு. என்னடாப்பா செய்யினம் எண்டு பாக்கிறன், பவுனம்மா புதுச்சீலையோடை இஞ்சை வாறா. நீங்க வந்தாத்தான் அடுப்பு மூட்டுவேன், வாங்க எண்டா. நேரம் போகுதே எண்டு பயந்துதான் நான் போனது. நல்ல காரியத்துக்கு நேரம் தப்பக்கூடாது. போன இடத்திலை அவவின்ரை பெட்டை பொங்கலைக் கொண்டுவந்து நீட்டினாள். என்ரை மாட்டுக்கொட்டிலிலை பிறந்ததெல்லோ, எப்பிடி வேண்டாமெண்டு சொல்லுறது? சாப்பிட்டன். சக்கரை கூடிப்போச்சு. அதையும் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்.

இப்ப வேலைக்கு ஆள் பிடிக்கிறது பெரும்பாடு. முந்தி விடியக் கூப்பிட்டால் பொழுதுபடும் மட்டும் நிப்பினம். இப்ப எட்டு மணிக்குத்தான் வருவினம், பத்து மணிக்குத் தேத்தண்ணி, நாலு மணிக்கு மண்வெட்டியைக் கழுவிப்போடுவினம். தங்கடை வயலும் இருக்குதெல்லோ அவைக்கு. பவுனம்மாவிட்டை முறைப்பாடு சொன்னன். நானும் எட்டு மணிக்கு முன்னால எழும்ப மாட்டேன்க்கா எண்டு சிரிக்கிறா. பொய். அவ நாலரைக்கே எழும்பிறது எனக்குத் தெரியும். லைற் எரியும்.

தேர்தலிலை அவவுக்குப் போட்டனானோ எண்டு கேளாதையும். வாக்கு ரகசியம். அவவுக்கு எதிராக் கேட்டவன் எங்கடை சொந்தக்காரன்தான். ஆனா அவன் வெண்டால் வாய்க்கால் றோட்டுக்குத் தார் போடமாட்டான், தன்ரை வீட்டு ஒழுங்கைக்குத்தான் போடுவான். நான் றோட்டுக்குத்தான் போட்டனான். ஆக்களுக்கில்லை. வாக்குச்சாவடியிலை எனக்கு முன்னுக்குப் பவுனம்மாவின்ரை தாய்க்கிழவி நிண்டுது. அந்தச் சனத்துக்கு நாட்டு உரிமை குடுத்தும் கன காலமாகேல்லை. விரல் மையைக் காயவிடாமல் ஊதி ஊதிப் பாத்துக்கொண்டு போச்சுது மனுசி. அதைப் பாக்க எனக்கு என்னவோ செய்துது. சரி, அதுவும் எழுதத் தேவையில்லை.

ஓட்டோச் சத்தம் கேக்குது. அவவாத்தான் இருக்கும்.

இண்டைக்கு நீர் அவவோடை கன நேரம் கதைக்கேலாது பிள்ளை. பின்னேரம் பக்கத்து ஊரிலை ஒரு விசாரணை. அங்கையும் இதே கதைதான். அந்தக் காணிக்காரி கனகாம்பிகை எனக்குத் தூரத்துச் சொந்தம். தான் இடம் குடுத்து வைச்சிருந்த சனம் இப்ப தன்ரை தலையிலை ஏறுதெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறாள். தான் குடுத்தவளாம். கல்லுக்கு எந்தப் பக்கம் எண்டு பாத்தவளோ? அதுகளை வைச்சு வேலை வாங்கினதை மறந்துபோனாள், இடம் குடுத்தது மட்டும் ஞாபகமிருக்கு. சில பேருக்குத் தங்கடை பிழை கண்ணுக்குத் தெரியாது பிள்ளை. என்ன செய்யிறது.

நான் சாட்சிக்குப் போறன். அந்த ஊரிலைதான் என்ரை மாமி இருந்தவ, அந்தச் சனம் எப்ப வந்தது எண்டு எனக்கு நல்லாத் தெரியும். பவுனம்மா கேட்டா, ஓம் எண்டிட்டன். கனகாம்பிகை நேற்றுப் போன் எடுத்து, நீயும் அந்த ஆக்களோடை சேந்திட்டியோ எண்டு கேட்டாள். நான் ஒருத்தரோடையும் சேரேல்லை, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லப்போறன் எண்டு வைச்சிட்டன்.

வாறம் பவுனம்மா, இந்தா வாறம். இந்தப் பிள்ளை உன்னைத் தேடித்தான் வந்தது. எல்லாம் நான் சொல்லிட்டன்.

எழும்பும் பிள்ளை, நீரும் வாரும், பாத்து எழுதலாம். ஒரு ஓட்டோவிலை மூண்டு பேர் இருக்கலாம். நீர் அந்தக் கரையிலை இரும், நான் இந்தக் கரையிலை, எனக்குக் காத்துப் படவேணும். பவுனம்மா, நீ நடுவுக்கு வா. இன்னும் கிட்ட வா, விழுந்திடுவன்.